கல்லூரிப் படியும் ஒப்பந்தப் பத்திரமும்



மாலை வேளையிலே கிளிநொச்சியிலோ, முல்லைத்தீவிலோ, வவுனியாவிலோ ஒரு பாடசாலை மைதானத்தின் அருகாகச் செல்வீர்களாயின், உதைபந்தோடும் கரப்பந்தோடும் எல்லேக் கழியோடும் மாணவர் நிற்கக் காண்பீர்கள். அவர்களுட் சிலர் உயர்தர வகுப்பினர். பதினெட்டு, பத்தொன்பது வயதிலே உடல் தன் முழு வலிமையை நோக்கி வளர்கின்றது, க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் அதே வயதிலேதான் வந்து வாயிலில் நிற்கின்றது. இரண்டும் ஒருங்கே வந்து சேர்வதே அப்பிள்ளைகளின் சங்கடம்.

அண்மைக் காலம் வரை இச்சங்கடம் பெரிதாகத் தோன்றவில்லை. விளையாட்டுக்குப் பணம் கொடுப்பார் எவரும் வடக்கை நாடி வந்ததில்லை. அந்நிலை 2020ஆம் ஆண்டில் மாறியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் துடுப்பாட்டம் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், அவ்வாண்டு டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக் போட்டியில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காகச் சுழற்பந்து வீசினார். அப்பொழுது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்ப ஒருநாளே எஞ்சியிருந்தது. 2024 மே மாதம் இந்தியன் பிரீமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியிலும் ஆடினார். ஆனையிறவுக்கு அப்பால் நிகழ்ந்த இச்செய்தி இப்பாலுள்ள வன்னிச் சிறுவரின் செவிகளுக்கும் எட்டாமற் போகவில்லை. ஒருவர் ஏறியதைக் கண்டபின் நூறு பேர் ஏணியைத் தேடுவது இயல்பு. ஆகவே, ஏணியிலிருந்து இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்பொழுதே பேசிவிடுதல் நன்று.

இக்கேள்வியோடு நெடுங்காலம் பழகியவர்கள் அமெரிக்கர். அவர்களுடைய பேஸ்போல் விளையாட்டை நம் எல்லேயின் தூரத்து உறவு எனலாம். கழியாற் பந்தை அடித்துவிட்டு, இடையிடையே உள்ள காப்பிடங்களைத் தொட்டுச் சுற்றிவரும் ஆட்டம். அங்கே 1965 முதல் தொழிற்கழகங்கள் ஆண்டுதோறும் இளைஞரை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. உயர்நிலைப் பள்ளியை முடித்தவுடன் ஒருவன் தெரிவாகலாம். ஆனால் நான்காண்டுக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்துவிட்டானாயின், மூன்றாண்டு முடியும் வரையோ 21 வயதாகும் வரையோ பொதுவாகக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டால், கல்லூரி அணியில் அவ்விளையாட்டை ஆடும் உரிமை பொதுவாகப் போய்விடும். தெரிவானவன் சில வாரங்களுக்குள் விடை சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு இது சிறிய காரியமன்று.

நம் அண்டை நாட்டிலும் இருவர் இவ்வழியிற் சென்றனர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்போர் ஈட்டி எறிவதிற் பயிற்சி பெற்ற இளைஞர், பேஸ்போல் அறியாதவர். 2008இல் நடந்த பந்து வீச்சுப் போட்டியொன்றின் வாயிலாக அமெரிக்கா சென்று, அவ்வாண்டு நவம்பரிலே பிற்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்தோடு ஒப்பந்தம் செய்தனர். தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு சில ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் ஆடினார். பின்னர்க் காயங்கள் அவருடைய வீச்சை நிறுத்திவிட்டன. உச்சநிலைப் போட்டியில் இருவருமே ஆடவில்லை. அவர்களுடைய கதை 2014இல் திரைப்படமாகி, ஏ. ஆர். ரகுமானின் இசையோடு உலகெங்கும் ஓடியது. படமோ அவர்கள் தேறிய மகிழ்ச்சியோடு முடிந்துவிடுகின்றது. வாழ்க்கை அவ்விடத்தில் முடிவதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. பள்ளியிலிருந்து நேரே ஒப்பந்தம் செய்யும் அமெரிக்க இளைஞர் பலர், முன்பணத்தை மட்டும் பேசி முடிப்பதில்லை. ஆட்டம் ஓய்ந்தபின் தாம் கல்லூரி சென்றால் அச்செலவைக் கழகமே ஏற்கவேண்டும் என்பதையும் பத்திரத்தில் எழுதுவிக்கின்றனர். ஆட்டத்தை விட்டபின் குறித்த காலத்துக்குள் படிப்பைத் தொடங்காவிடின் அவ்வுரிமை கழிந்துபோகும். படிப்பா, ஆட்டமா என்னும் கேள்வியை, திரும்பி வருவதற்கு யார் பணம் தருவார் என்னும் கேள்வியாக அவர்கள் மாற்றிவிட்டனர். நமக்கும் அதுவே சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

நம் நாட்டிலே அவ்வாறு எழுதுவிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. எனினும் திரும்பி வருவதற்குச் சில வாயில்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். ஒருமுறை தவறியதனால் யாவும் முடிந்துவிடாது. விளையாட்டிலே தேசிய, சர்வதேச மட்டத்திற் சிறந்தோருக்கென அனுமதியில் ஒரு சிறு விசேட ஒதுக்கீடும் உண்டு. ஆயினும் பரீட்சையிற் குறைந்தபட்சத் தகுதி பெற்றோருக்கே அது பயன்படும். இதனை அறியாது, பதக்கம் இருக்கப் பரீட்சை எதற்கு என்று புத்தகத்தை மூடிவைத்த பிள்ளைகளுக்கு அவ்வாயில் திறப்பதில்லை. வன்னி மாவட்டங்கள் கல்வி வசதி குறைந்தவையாகக் கணிக்கப்பட்டு மேலதிக இடம் பெறுவனவும் ஆகும். போதாக்குறைக்குப் பல்கலைக்கழகமே வீட்டருகில் வந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டு முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

காலபோக நெல்லை நம்பிக் கடன்பட்டிருக்கும் ஒரு கமக்காரர் வீட்டிலே, மகனுடைய ஒரு பருவ ஒப்பந்தப் பணம் எத்துணை பெரியது என்பதை நான் அறியாதவனல்லேன். கையில் வரும் பணத்தை வேண்டாமென்று தள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009இல் முடிந்த போரினால் படிப்பிழந்து, பின்னர்த் திரும்பிச் செல்ல இயலாதுபோன அண்ணன்மாரும் அக்காமாரும் உள்ள வீடுகள் அவை. விட்ட படிப்பை மீண்டும் தொடுவது எவ்வளவு கடினம் என்பதை அவ்வீட்டாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே, முகவர் ஒருவர் பத்திரத்தோடு முற்றத்துக்கு வந்தால், அவரை இருத்தித் தேநீர் கொடுத்துச் சிலவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை பருவத்துக்கு? காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? பரீட்சை நாட்களில் விடுப்பு உண்டா? இடையில் நீக்கினால் மீதிப் பணம் வருமா? படிப்புச் செலவுக்கென ஒரு வரி சேர்க்க இயலுமா? விடைகளை வாய்மொழியாக ஏற்காமல், தமிழில் எழுதித் தரச் சொல்லிப் பாடசாலை அதிபரிடமோ, தெரிந்த சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். கையொப்பத்தை மறுநாள் இடலாம். நல்ல ஒப்பந்தமானால் அது ஓரிரவு பொறுத்திருக்கும்.