கேட்டதே குற்றமா?

1997 செப்டம்பர் 1 அன்று சூரிச் நகரின் ஃப்ராவ்மியூன்ஸ்டர் அஞ்சலகத்தில் புகுந்த கொள்ளையர்கள் சுமார் 5 கோடியே 30 லட்சம் பிராங்குகளை அள்ளிச் சென்றார்கள். விரைவிலேயே சந்தேகத்தின் பேரில் சிலர் பிடிபட்டார்கள். ‘பிளிக்’ நாளிதழின் செய்தியாளர் விக்டர் டம்மன் செப்டம்பர் 10 அன்று சூரிச் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். வழக்கறிஞர் அங்கே இல்லாததால் அலுவலக உதவியாளர் ஒருவர் பேசினார். பிடிபட்டவர்கள் முன்பு தண்டனை பெற்றவர்களா என்று டம்மன் கேட்டார். பெயர்ப் பட்டியல் தொலைநகலில் போயிற்று, விவரங்களும் தொலைநகலிலேயே திரும்பி வந்தன. பணம் கைமாறவில்லை, மிரட்டலோ சூழ்ச்சியோ இல்லை, அந்த விவரங்கள் அச்சேறவும் இல்லை. ஆனாலும், அலுவல் இரகசியத்தை வெளியிடத் தூண்டினார் என்று சூரிச் மேல்நீதிமன்றம் அவருக்கு 500 பிராங்குகள் அபராதம் விதித்தது. 2001இல் லொசான் கூட்டாட்சி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கடுமையானது. ஒருவரை வேண்டுமென்றே குற்றம் செய்யவைத்தவருக்கு, செய்தவருக்கு உரிய அதே தண்டனை வரம்பு பொருந்தும். உதவி மட்டும் செய்தவருக்கு 25ஆம் பிரிவு தண்டனையைக் குறைக்கிறது, தூண்டியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதில் நியாயம் உண்டு. ஏணி பிடித்தவன் இல்லாவிட்டாலும் திருடன் வேறு வழி தேடியிருப்பான். தூண்டியவன் இல்லையென்றால் திருடும் எண்ணமே பிறந்திருக்காது. அதனால்தான், ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஒருவரை எவராலும் தூண்ட முடியாது என்றும் அங்கே சட்டம் கொள்கிறது. ஆனால் தூண்டும் வழி எது என்பதில் நீதிமன்றங்கள் எல்லையை மிகவும் அகலமாக வைத்திருக்கின்றன. வற்புறுத்தலோ ஆசை வார்த்தையோ தேவையில்லை, வெறும் வேண்டுகோளே போதும்.

இந்த அகலம்தான் பிழை என்பது என் வாதம். தூண்டும் முயற்சி தோற்றுப்போனால், மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க பெருங்குற்றங்களில் மட்டுமே அது தண்டிக்கப்படும். அலுவல் இரகசியத்தை மீறுவதற்கு உச்ச தண்டனை மூன்று ஆண்டு, ஆகவே அது அந்த வரிசையில் வராது. அதாவது, “சொல்ல முடியாது” என்று அந்த உதவியாளர் தொலைபேசியை வைத்திருந்தால், டம்மன் கேட்ட அதே கேள்வி குற்றமாகியிருக்காது. இரகசியத்தைக் காக்கும் கடமையும், மறுக்கும் அதிகாரமும், மறுக்க வேண்டும் என்ற அறிவும் யாரிடம் இருந்தனவோ, அவருடைய தவறு கேட்டவரின் தலையிலும் ஏறியிருக்கிறது. 2006 ஏப்ரல் 25 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தத் தண்டனை கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. இரகசியம் கசியாதபடி தன் ஊழியர்களைப் பழக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்று அது சொன்னதை இந்த வழக்கின் சாரமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்விக்குத் தண்டனை இல்லையென்றால் எவரும் எந்த அலுவலகத்திலும் நுழைந்து பிறர் இரகசியத்தைக் கறந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அனுபவமுள்ள செய்தியாளருக்கு அது இரகசியம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சுவிஸ் நீதிமன்றங்களும் கருதின. கவலை பொய்யல்ல. ஆனால் கையூட்டு, மிரட்டல், ஏமாற்று, நெருக்குதல் ஆகியவற்றை எவரும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பும் எல்லோருக்குமான அனுமதிச் சீட்டு அல்ல, பொதுமக்கள் அறியவேண்டிய செய்தியைத் தேடிய பத்திரிகையாளரை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. நகரசபையில் வேலை பார்க்கும் சொந்தக்காரரிடம் அயலவரின் கோப்பை ஒருதரம் பார்த்துச் சொல்லச் சொல்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிட்டாது. “தெரிந்தவர் மூலம் விசாரிப்பது” நம்மவர்களிடையே உதவியாகவே எண்ணப்படுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய்ச்சாட்சி விஷயம் இன்னும் கடுமையானது. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, ஆகவே அது பெருங்குற்ற வரிசையில் வருகிறது. சாட்சி சொல்லப் போகிறவரிடம், “என்ரை தம்பி அண்டைக்கு உங்களோடதான் நிண்டவன் எண்டு கோட்டில சொல்லுங்கோ அண்ணை” என்று ஒருவர் கெஞ்ச, அவர் முடியாது என்று மறுத்துவிட்டாலும், கெஞ்சியவர் தூண்ட முயன்ற குற்றத்துக்குத் தண்டிக்கப்படலாம்.