பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்பை பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க! ஆன்லைன் கல்லூரி படிப்புக்கு வீட்டை தயார் செய்வது எப்படி?

தஞ்சாவூர்:-

நடவு கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை என்று கணக்கு போடும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட வீடுகளில் இப்போது இன்னொரு செலவும் சேர்ந்து விட்டது. "ஆன்லைன்ல காலேஜ் கோர்ஸ் படிக்கணும், லேப்டாப் வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

உடனே நகையை அடகு வைத்துக்கொண்டு கடைக்கு ஓடத் தேவையில்லை. முதலில் படிப்பை பார்க்க வேண்டும். அடுத்து மெஷின், அதன் பிறகு இன்டர்நெட், கடைசியாக கரண்டு. இந்த வரிசையில் போனால் பல வீடுகளில் பாதி செலவு மிச்சமாகும்.

அதுபற்றிய விவரம் வருமாறு:-

படிப்பு உண்மையானதா?

மத்திய அரசின் "ஸ்வயம்" ஆன்லைன் படிப்பு திட்டம் 2017-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி தொடங்கப்பட்டது. இதில் சேரவும், பாடம் பார்க்கவும் காசு கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் "என்.பி.டெல்" பாடங்களும் இதில்தான் வருகின்றன. பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்க நினைப்பவர்கள் மட்டும் ஒரு பாடத்துக்கு ரூ.1,000 கட்ட வேண்டும்.

என்.பி.டெல் பாடங்களில் வாராவாரம் ஆன்லைனில் வீட்டுப்பாடம் உண்டு. அதற்கு 25 மார்க். கடைசி பரீட்சைக்கு 75 மார்க். அந்த பரீட்சையை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

கல்லூரியில் படித்துக்கொண்டே ஸ்வயம் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்க அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-ல் விதி கொண்டு வந்தது. ஆனால் உங்கள் கல்லூரி அதை ஏற்றுக்கொள்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

முழு பட்டமே ஆன்லைனில் வாங்குவதானால் இன்னும் உஷார் தேவை. எந்த பல்கலைக்கழகம் எந்த பட்டத்தை ஆன்லைனில் நடத்தலாம் என்ற பட்டியலை யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்வி பிரிவு தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் ஒரு பைசா கட்டாதீர்கள்.

என்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம், விவசாயம் ஆகிய பட்டங்களை ஆன்லைனிலோ தபாலிலோ நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. "வீட்டிலிருந்தே பி.எஸ்சி. அக்ரி" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அந்த பக்கமே போக வேண்டாம்.

பழைய லேப்டாப்பை எடுங்க

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த அந்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. "அது அவ்வளவு ஸ்லோங்க, ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்பார்கள். அது முழு உண்மை இல்லை.

ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப்களில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க் இருந்தன. ரேம் என்பது வேலை செய்யும் மேஜை மாதிரி. மேஜை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு நோட்டை விரிக்க முடியாது. பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றித்தான் பைலை தேடி எடுக்க வேண்டும். அதனால்தான் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம் போல் இருக்கிறது.

ஹார்டு டிஸ்க்கை கழற்றிவிட்டு "எஸ்.எஸ்.டி." என்ற சுற்றாத டிஸ்க்கை போட்டால் வேகம் நன்றாகவே தெரியும். ரேமை 4 ஜி.பி. ஆக்கினால் வகுப்பு பார்ப்பது, டைப் அடிப்பது, வீட்டுப்பாடம் அனுப்புவது எல்லாம் நடக்கும். 8 ஜி.பி. போட முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மாடல் எவ்வளவு ரேம் தாங்கும் என்று சர்வீஸ் கடையில் கேட்டுக்கொண்டு, இரண்டு கடையில் விலை விசாரியுங்கள். பழைய டிஸ்க்கில் உள்ள போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் காப்பி எடுத்த பிறகே மாற்றச் சொல்லுங்கள்.

விண்டோஸ் விஷயத்தில் கவனம்

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. புதிய குரோம் பிரவுசரும் அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பும் 2025 அக்டோபர் 14-ந்தேதி முடிந்தது. பழைய மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 பொருந்தாது.

இதற்கு "லினக்ஸ் மின்ட்" என்ற இலவச சாப்ட்வேர் ஒரு வழி. 2 ஜி.பி. ரேமிலேயே ஓடும். 4 ஜி.பி. இருந்தால் வசதியாக இருக்கும். பிரவுசரில் நடக்கும் படிப்புக்கு இது போதும். ஆனால் வீட்டிலிருந்தே கேமரா முன்பு பரீட்சை வைக்கும் சில நிறுவனங்களின் சாப்ட்வேர் லினக்சில் ஓடாது. உங்கள் கோர்சுக்கு என்ன தேவை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராசசரே பலவீனமாக இருந்து, வீடியோ ஓடும்போது விட்டு விட்டு நின்றால் அந்த மெஷினில் மேற்கொண்டு காசு போடாதீர்கள்.

புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்றாலும் ஒரு நிமிஷம் பொறுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்க ரூ.2 ஆயிரம் கோடி ஒதுக்குவதாக 2025 மார்ச் மாத தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை அந்த பட்டியலில் வருகிறாரா என்று கல்லூரி ஆபீசில் கேட்டுவிட்டு கடன் வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

செல்போன் மட்டும் போதுமா என்றால், பாடம் கேட்க போதும். பத்து பக்கம் டைப் அடிக்கவும், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதவும் போதாது.

டேட்டா கணக்கு

இன்டர்நெட் வேகத்தை எம்.பி.பி.எஸ். என்று சொல்வார்கள் (டாக்டர் படிப்பு அல்ல). ஒரு எம்.பி.பி.எஸ். வேகத்தில் வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்.பி. தீரும். 3 மணி நேரம் வகுப்பு என்றால் 1.35 ஜி.பி. ஆகிறது. தினம் 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்டவருக்கு அதோடு முடிந்தது. அதே செல்லில் தம்பி ரீல்ஸ் பார்த்தால் வகுப்பு பாதியில் நின்றுவிடும்.

கொரோனா காலத்தில் அரசு இந்த கணக்கைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு இலவசம் என்று அறிவித்தது. நம் கணக்குப்படி அது சுமார் நாலரை மணி நேர வகுப்புக்கு வரும்.

நேரடி வகுப்பு இல்லாமல் பதிவு செய்த வீடியோ என்றால் வேலை சுலபம். கல்லூரி வைபையில் டவுன்லோடு செய்து வந்து வீட்டில் பார்க்கலாம். வீடியோவை 480 என்ற அளவில் வைத்தாலே போர்டில் எழுதுவது தெரியும். டேட்டாவும் மிச்சமாகும்.

வீட்டில் சிக்னல் எப்படி?

"எங்க ஊர்ல டவர் நல்லா இருக்கு" என்று பொதுவாக சொன்னால் போதாது. பிள்ளை உட்காரப் போகும் இடத்தில், வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், 3 நாள் தொடர்ந்து வேகத்தை சோதித்துப் பாருங்கள். காலையில் பறக்கும் இன்டர்நெட் இரவு 8 மணிக்கு எல்லோரும் வீடு திரும்பியதும் தவழும். பக்கத்து வீட்டில் எந்த கம்பெனி சிம் நன்றாக எடுக்கிறது என்று கேட்டுவிட்டு சிம் வாங்கலாம்.

செல்லில் இருந்து ஹாட்ஸ்பாட் எடுப்பதைவிட, சார்ஜர் வயரை லேப்டாப்பில் சொருகி டேட்டாவை எடுத்தால் இணைப்பு நிலையாக இருக்கும். செல்லுக்கு சார்ஜும் ஏறும்.

இரண்டு பேர் படிக்கும் வீட்டுக்கு பைபர் லைன் கட்டுப்படியாகும். பி.எஸ்.என்.எல். தவிர கேபிள் டி.வி. ஆபரேட்டர்களும் ஊருக்கு ஊர் கொடுக்கிறார்கள். மாத வாடகை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். மோடத்துக்கு தனி காசா, டெபாசிட் திரும்ப வருமா, லைன் அறுந்தால் எத்தனை நாளில் யார் வந்து சரி செய்வார் என்பதையும் கேளுங்கள்.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் பைபர் மூலம் இணைப்பதற்காக பாரத்நெட் திட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் லைன் வேலை செய்கிறதா என்று ஊராட்சி ஆபீசில் விசாரிக்கலாம்.

மோடத்தை இரும்பு பீரோ பக்கத்திலோ பிரிட்ஜ் பின்னாலோ வைக்காதீர்கள். நடு வீட்டில் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் சிக்னல் பரவும்.

கரண்டு போனால்?

டெல்டாவில் பலரும் கோட்டை விடுவது இதில்தான். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போயிருக்கும். கரண்டு போன அடுத்த நொடி மெஷின் ஆப். பைபர் மோடமும் கூடவே ஆப்.

லேப்டாப்புக்கு புது பேட்டரி போட வேண்டும். மோடத்துக்கு "மினி யு.பி.எஸ்." என்ற சின்ன பெட்டி கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடம் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப் போனால் மோடம் புகைந்துவிடும்.

மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த செய்தியை பார்த்து, அன்று நேரடி வகுப்பு இருந்தால் கரண்டு உள்ள ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு பிள்ளையை அனுப்பி விடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. செமஸ்டர் முடிவும் அந்த சமயத்தில்தான் வருகிறது. 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரையை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதி கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் மழைக்காலத்தில் வீட்டுப்பாடத்தை கடைசி நாள் வரை தள்ளக்கூடாது. கெடுவுக்கு 2 நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

இடி இடிக்கும்போது லேப்டாப் சார்ஜர், மோடம் பிளக் இரண்டையும் கழற்றி விடுங்கள்.

ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீங்க

"ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த ஆப்பை போடுங்க" என்று போன் வரும். அந்த ஆப் வழியாக உங்கள் ஸ்கிரீனையே அவர்கள் பார்க்க முடியும். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். காசு பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

ஒரு வாரத்துக்கு முன்பு...

* வகுப்பு நடக்கும் அதே இடத்தில் ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டிப் பாருங்கள்.

* கேமரா, மைக், இயர்போன் மூன்றையும் உறவினர் ஒருவருக்கு வீடியோ கால் போட்டு சோதியுங்கள்.

* மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லேப்டாப்பும் மோடமும் எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரமாவது தாங்க வேண்டும்.

* பாஸ்வேர்டு, பதிவு எண், பரீட்சை தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல் தொலைந்தாலும் நோட்டு இருக்கும்.

ஸ்வயம் பாடங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஜனவரியில் சேர நினைப்பவர்கள் சம்பா அறுவடை பணம் கைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சேருவதற்கு காசு இல்லை, பரீட்சை பீஸை பிறகு கட்டினால் போதும் என்பது குறிப்பிடத்தக்கது.