மாரிகாலத்தில் வீட்டு மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்படுதல்: காரணமும் பரிகாரமும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் வாழும் கமக்காரரின் இல்லங்களில் மின்சாரம் விளக்கெரிப்பதற்கு மாத்திரம் பயன்படுவதன்று. எழுவான்கரையின் மணற்றரைத் தோட்டங்களில் கத்தரி, மிளகாய், வெங்காயம் முதலிய பயிர்களுக்குக் கிணற்றுநீர் இறைக்கும் பம்பியும், படுவான்கரையில் நெல் வைக்கும் அறையின் விளக்கும் பெரும்பாலும் வீட்டு மின்சுற்றிலிருந்தே இயங்குகின்றன. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்யுங் காலத்தில், இவ்வீடுகளில் மின்சாரம் அடிக்கடி தானாகவே நின்றுவிடுதலுண்டு. அவ்வேளை விழுந்த ஆளியைப் பலர் பழுதெனக் கருதுகின்றனர். விழுந்த ஆளி பழுதன்று. வேறோரிடத்திலுள்ள பழுதை அறிவிக்கும் காவலாளியே அது. அப்பழுதைக் கண்டறியும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

இருவகைக் காவல்

வீட்டின் மின்பலகையில் இருவகை ஆளிகள் உள்ளன. முதலாவது, பொதுமக்கள் "ட்ரிப் சுவிச்சு" என வழங்குவது. உயிர்க்கம்பி வழியே செல்லும் மின்னோட்டமும் நடுநிலைக்கம்பி வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாயிருத்தல் வேண்டும். ஒரு பகுதி ஈரச்சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குக் கசியுமாயின், இவ்வாளி அவ்வேறுபாட்டை உணர்ந்து, ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி அம்பியர் அளவினதாகும். 230 வோல்ற்றில் 60 வாற்று மின்குமிழொன்று இழுப்பது ஏறக்குறைய 260 மில்லி அம்பியர். அதில் ஒன்பதிலொரு பங்கு கசிந்தாலும் காவல் விழிக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே உள்ள சிறு சுற்றுடைப்பான். பழைய வீடுகளில் இதன் இடத்தில் உருகி இருக்கும். இது சுமை மிகுந்தாலோ, கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டாலோ விழும். 16 அம்பியர்ச் சுற்றொன்று தாங்கத்தக்கது 3,680 வாற்று ஆகும். அதில் 2,000 வாற்றுக் கேத்தலும், 1,500 வாற்று நீர்சூடாக்கியும், 1,000 வாற்று அழுத்தியும் ஒருங்கே இயங்கின் சுமை 4,500 வாற்றாகி அளவை மீறும். ஆளி சிறிது நேரஞ் சென்று விழுமாயின் சுமை மிகுதி எனவும், ஏற்றிய கணமே விழுமாயின் குறுஞ்சுற்று எனவும் ஐயுறலாம்.

பழுதைக் கண்டறியும் முறை

கையும் காலும் உலர்ந்திருத்தல் வேண்டும். இறப்பர்ச் செருப்பணிந்து, உலர்ந்த தரையில் நின்று பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்க.

1. எவ்வாளி விழுந்தது என்பதை முதலில் நோக்குக. சிறு சுற்றுடைப்பான் மாத்திரம் விழுந்திருப்பின் அச்சுற்றின் சுமையைக் குறைத்து ஒருமுறை ஏற்றுக. மீண்டும் உடனே விழுமாயின் அதனைக் கீழேயே விடுக.

2. ட்ரிப் சுவிச்சு விழுந்திருப்பின், பம்பி உட்பட எல்லாக் கருவிகளின் செருகிகளையும் கழற்றுக. கருவியின் ஆளியை மூடுதல் மாத்திரம் போதாது. நடுநிலைக்கம்பி வழியாகவும் கசிவு நிகழும்.

3. சிறு சுற்றுடைப்பான்கள் அனைத்தையும் இறக்கிவிட்டு, ட்ரிப் சுவிச்சை ஏற்றுக. அப்போதும் நில்லாதாயின் பழுது நிலையான கம்பிகளிலோ பலகையிலோ உள்ளது. தேர்ச்சி பெற்ற மின்வினைஞரை அழைத்தல் வேண்டும்.

4. நிற்குமாயின், சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாக ஏற்றுக. எதனை ஏற்றும்போது ட்ரிப் சுவிச்சு விழுகின்றதோ அச்சுற்றிலேயே கசிவுண்டு. அதனை இறக்கிவைத்து, ஏனையவற்றைப் பயன்படுத்தலாம்.

5. எல்லாச் சுற்றுகளும் நிற்குமாயின், கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க. ஆளியை விழுத்துங் கருவியைத் திருத்துமட்டும் பயன்படுத்தலாகாது.

6. மழை பெய்யும்போது மாத்திரம் விழுமாயின், அந்நேரத்தையும் அப்போது இயங்கிய கருவியையும் குறித்துவைத்து மின்வினைஞரிடம் காட்டுக.

இப்பகுதியிற் கவனிக்க வேண்டியவை

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் உப்புக்காற்று வீசுவதால், வெளிவிளக்கு, பம்பி ஆகியவற்றின் தொடுப்புகளில் உப்புப் படிந்து ஈரத்தை ஈர்க்கும். அவ்வீரத்தின் வழியே மின்சாரம் கசியும். வேலிமேலும் பாத்திகளூடும் இழுத்த தற்காலிகக் கம்பியின் மூட்டுகள் மழையில் நனைந்தாலும் இவ்வாறே நிகழும். பம்பிக்கு மழை படாத கூரையும், மூட்டில்லாத முழுக்கம்பியும் அமைத்தல் நன்று. அறுவடைக்குப் பின் நெல்மூடை அடுக்கிய அறையில் எலி பெருகிக் கம்பியுறையைக் கடிக்கும். ஆகவே மூடைகளைச் சுவரினின்றும் விலக்கி அடுக்கி, கம்பிகளைக் குழாயுட் செலுத்துக. உலர்ந்த மணலில் புவிக்கோலின் தொடுப்பு நலிவடையுமாதலால் அதனையும் மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும்.

2011 சனவரியில் நிகழ்ந்தது போன்ற வெள்ளம் வீட்டை நெருங்கின், நீர் புகுமுன் பிரதான ஆளியை மூடுக. நீர் புகுந்தபின் மின்பலகையை அணுகலாகாது. நனைந்த பம்பியை உலர்த்திச் சோதித்த பின்னரே இயக்குக. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளியின்போது போன்று மின்கம்பி அறுந்து வீழ்ந்திருப்பின், அதனருகே எவரும் செல்லாது காத்து, மின்சார அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

ஒருபோதும் செய்யத்தகாதவை

உருகியில் உரிய அளவிலும் தடித்த கம்பியை இடலாகாது. சுவரினுள் இருக்குங் கம்பி சூடேறித் தீப்பற்றும். ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேரே தொடுத்தலுமாகாது.

காட்டுப்பன்றியையும் யானையையும் தடுக்கக் கருதி, வீட்டு மின்சாரத்தை வயல்வேலியிற் பாய்ச்சுதல் கொடிய செயலாகும். இது சட்டவிரோதம், இதனால் விலங்குகள் மாத்திரமன்றி, இருளில் நீர்கட்டச் சென்ற மனிதரும் மாண்டிருக்கின்றனர். வேலியிற் பாய்ச்சியவுடன் ட்ரிப் சுவிச்சு விழுவதால், அதனைத் தவிர்த்துத் தொடுப்போருமுளர். அவ்வாறு செய்யின் வீட்டாருக்கும் காவலில்லை. முறையான மின்வேலி, அதற்குரிய கருவியினின்று ஏறத்தாழ வினாடிக்கொரு முறை மிகக் குறுகிய துடிப்பையே அனுப்பும். அது விலங்கை வெருட்டுமேயன்றிக் கொல்லாது. அதனை அமைக்க விரும்புவோர் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரின் ஆலோசனையைப் பெறுக.

மாதந்தோறுஞ் சோதனை

ட்ரிப் சுவிச்சில் "டீ" என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்துக. ஆளி உடனே விழுமாயின் காவல் நன்னிலையிலுள்ளது, மீண்டும் ஏற்றுக. மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழாதாயின் அது காவாது. தாமதியாது மாற்றுவித்தல் வேண்டும். இவ்வாளி இல்லாத பழைய வீட்டினர், மாரி தொடங்குமுன் அதனைப் பொருத்துவித்துக்கொள்க.