சுவர் எழும்பியது... ஷாமிசென் ஓய்ந்தது!

'கெய்ஷா' என்றதும் ஓரக்கண்ணால் சிரிக்காதீங்க சார். 'கெய்' என்றால் கலை, 'ஷா' என்றால் ஆள். ஆட்டம், பாட்டு, ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம், சாமர்த்தியமான பேச்சு... இதுதான் தொழில். ஆரம்பகால கெய்ஷாக்கள் ஆண்கள் என்றால் நம்புவீர்களா?

டோக்கியோவில் காண்டா ஆறு, சுமிடா ஆற்றோடு கலக்கிற மூலையில் இருக்கிறது யானகிபாஷி. வில்லோ மரப் பாலம் என்று அர்த்தம் (கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த ஜாதி மரம்). டோக்கியோ 'எடோ'வாக இருந்த காலத்தில் இது படகுத்துறை. யோஷிவாரா என்ற சிவப்பு விளக்குப் பேட்டைக்குப் போகிற மைனர்கள் இங்கே படகு ஏறுவார்கள். ஏறுவதற்கு முன் ஒரு வாய் சாப்பாடு, ஒரு கிண்ணம் சாக்கே, ஒரு பாட்டு... பேட்டை பிறந்துவிட்டது!

1868ல் மெய்ஜி ஆட்சி வந்தது. புது அதிகாரிகள் ஷிம்பாஷி கெய்ஷாக்கள் பக்கம் போக, பழைய எடோ ரசிகர்கள் யானகிபாஷியை விடவில்லை. 1920களின் கடைசியில் இங்கே 300க்கு மேல் கெய்ஷாக்கள். ஊதுபத்தி எரிகிற கணக்கில் கூலி. ஒரு பத்திக்கு இவ்வளவு என்று. நம் ஓவர்டைமுக்கு இது வந்தால், ஃபேனை ஃபுல்லில் வைத்துவிட மாட்டோமா!

1944ல் போருக்காக அரசாங்கமே கடையை மூடச் சொன்னது. போர் முடிந்ததும் விளக்குகள் மறுபடி எரிந்தன. ஆனால் ஆறு கெட்டுவிட்டது. ஆலைக் கழிவு, சாக்கடை... ஜன்னலைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். கோடைதோறும் கூட்டத்தைக் கொண்டுவந்த வாணவேடிக்கை 1961ஓடு நின்றது.

1959ல் நகோயா பக்கம் அடித்த புயலில் 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். டோக்கியோ பயந்தது, சுமிடா கரையில் உயரமான கான்கிரீட் சுவர் எழும்பியது. தப்பு சொல்ல முடியாது, உயிர் முக்கியம். ஆனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு குடிக்க வந்தவன், சுவரைப் பார்த்துக்கொண்டா குடிப்பான்? கம்பெனி முதலாளிகள் கிளப், கோல்ஃப் என்று நழுவினார்கள்.

அப்புறம் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1978ல் வாணவேடிக்கையும் திரும்பியது. ஆனால் ஆற்றின் மேல்பக்கம், அசாகுசாவுக்குத் தள்ளிப் போய்விட்டது! 1999 ஜனவரியில் யானகிபாஷியின் கடைசி விருந்து விடுதி மூடப்பட்டது.

1929ல் கட்டிய இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் கெய்ஷாக்களின் கொண்டை ஊசியைச் சித்திரமாகப் பதித்திருக்கிறார்கள். கீழே உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஆபீஸ் பார்ட்டிக்காரர்களும் டூரிஸ்ட்டுகளும் ஏறுகிறார்கள்.