மீனும் தவளையும் ஒரு தொட்டியில்

கண்ணாடித் தொட்டியொன்றின் ஒரு பாதியில் மண்ணும் பாசியும் கல்லும் இட்டு நிலம் அமைத்து, மறு பாதியில் நீர் நிறுத்தி, நீரில் மீனையும் கரையில் தவளையையும் வளர்க்கும் விருப்பம் நம் மாணவர் சிலரிடம் காணப்படுகின்றது. கப்பி மீன் எளிதிற் கிடைப்பது. தவளையோ தோட்டத்துப் பீலியடியிலேயே இருப்பது. "ஐயா, எந்தத் தவளையைப் பிடித்து விடலாம்?" என்று தமிழ் வகுப்பிலேயே என்னை வினவினான் ஒரு மாணவன். நன்னூலார் சூத்திர நிலைகளுள் ஒன்றாக வைத்த 'தவளைப் பாய்த்து' என்பதை விளக்குங்கால் எழுந்த வினா அது. இலக்கணத்தினின்று உயிர்நூலுக்குத் தாவுவதும் ஒரு தவளைப் பாய்த்தே. எனினும் வினா தக்கது. விடை கூறுதல் ஆசிரியன் கடன்.

தவளையின் வாழ்வு பெரும்பாலும் இரு கூறுடையது. தலைப்பிரட்டையாய் இருக்கும்போது செவுளால் நீரில் மூச்செடுக்கும். காலும் நுரையீரலும் பெற்று வால் ஒடுங்கும் நாளிலோ அது கரையேறியாக வேண்டும். ஏறுதற்கு இடமில்லையேல், வளர்ந்த நீரிலேயே மூழ்கி மாளும். ஆதலின் தொட்டியிற் பாதி நிலம் அழகுக்காக அன்று. உயிருக்காகவே என்று முதலில் அறிதல் வேண்டும்.

இனித் தெரிவுக்கு வருவோம். நம் முற்றங்களில் மாலை தோறும் உலவும் தேரையை எடுத்துக்கொள்க. அதன் கண்ணுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பிகளினின்று பால்போல் நஞ்சு கசியும். தேங்கிய சிறு நீரில் அது கலப்பின் மீன்களுக்குக் கேடு. வயற்புறத்துப் பெருந்தவளையோ வாய்க்கு அடங்கும் எதனையும் விழுங்கும். மீனும் அதற்கு உணவே. மலைக்காடுகளிலுள்ள சிறு புதர்த்தவளைகள் பலவற்றுக்கு நீர்நிலையே வேண்டுவதில்லை. ஈர மண்ணில் அவை இடும் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் கழிந்து, முழுத் தவளைக் குஞ்சே வெளிவரும். அவற்றுக்கு வேண்டுவது காட்டின் குளிரும் ஈரமும், தொட்டியன்று. நீர் கசியும் பாறைகளை நாடி வாழும் பாறைத்தவளை இலங்கைக்கே உரியது. அதன் தலைப்பிரட்டை குளத்தில் நீந்தாது, ஈரப் பாறையின் மேல் ஒட்டி ஊர்ந்து வளர்வது. அத்தகைய பாறையைக் கண்ணாடிக்குள் எங்ஙனம் அமைப்பது?

எஞ்சுவது முதுகில் உடுக்கை போன்ற வடிவுடைய மரத்தவளை. வீட்டுச் சுவரிலும் குளியலறையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உடையது. நீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டி அதனுள் முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகள் சில நாளில் கீழே நீரில் விழும். பாதி நிலமும் பாதி நீருமான தொட்டிக்கு இதனினும் பொருந்துவது பிறிதில்லை. ஆனால் நீரில் மீன் காத்திருப்பின் என்னாகும்? கப்பி சிறு வாயுடையதாயினும் புதிதாய்ப் பொரித்த பிரட்டைகளைக் கொத்திக் கொத்தியே தீர்க்கும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மீனில்லாத ஏரிகள் பல இருந்தன. தூண்டில் விளையாட்டுக்காக அவற்றில் திரௌட் மீனை விட்டனர்; தவளைகள் மறைந்தன. பின்னர்ச் சில ஏரிகளினின்று மீனை நீக்கிப் பார்த்தபோது தவளைகள் மீண்டும் பெருகின. மலையேரிக்கே இக்கதியாயின், இரண்டடித் தொட்டிக்குக் கூறவேண்டுவதில்லை.

அயல்நாட்டுத் தவளையை விலைக்கு வாங்கலாமே எனின், அது பெருந்தீங்கு. தவளைகளின் தோலைத் தாக்கும் கைற்றிட் என்னும் பூஞ்சணம் வாணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. அதனால் 501 இனங்கள் குன்றின என்றும், அவற்றுள் 90 அற்றொழிந்தன என்றும் 2019-இல் அறிஞர் கணித்தனர். இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள. அவற்றுட் பெரும்பாலான வேறெங்கும் இல்லாதவை. முன்பே பல இனங்களை இழந்துவிட்ட நாடு இது. 1937-ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009-ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்க, காட்டுத் தவளையைப் பிடித்து அடைத்தல் சட்டத்துக்கும் ஒவ்வாது.

ஆயின் மாணவன் ஆசை வீணோ? அன்று. மீன் வேண்டுவோன் மீனை மட்டும் வளர்க்க. தவளை வேண்டுவோன் பாடசாலைத் தோட்டத்து நிழலில் ஆழமில்லாத சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டி, ஒரு பக்கம் கல்லும் மண்ணும் சரித்துக் கரை அமைத்து, நீருக்கு மேலே கவியுமாறு ஒரு செடி நட்டு, மீன் விடாது வைக்க. ஐப்பசியில் ஊவாவுக்கு மழை வரும்போது, அயலிலே மரத்தவளை இருப்பின் அது தானே வந்து நுரைக்கூடு கட்டக்கூடும். பிடிப்பாரும் வேண்டா, அடைப்பாரும் வேண்டா.

நுளம்பு பெருகாதோ, டெங்குக் காய்ச்சல் வாராதோ என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. தலைப்பிரட்டையை நம்பி இருத்தல் ஆகாது. நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். ஆதலின் மூன்று நாளைக்கு ஒருமுறை நுண்ணிய வலையால் நீரை அரித்துப் புழுக்களை நீக்கிவிடுதல் வேண்டும். வகுப்பில் முறைவைத்துச் செய்தால் அதுவே ஒரு பாடமுமாகும். அம்முறை தவறாது நடத்த இயலாத இடத்தில் தொட்டி வையாதிருத்தலே நன்று.

தேயிலைச் சரிவுகளுக்கிடையே நிழலும் ஓடையும் குறைந்துவரும் இந்நாளில், மருந்து தெளியாத ஒரு முழ நீரும் ஏறுதற்கு ஒரு சாண் கரையும் ஓர் உயிர்க்கு உறையுளாம். எந்தத் தவளையை நாம் தெரிவது என்பது வினாவன்று. நம் தொட்டியைத் தவளை தெரிந்தெடுக்குமாறு அதனை அமைத்தோமா என்பதே வினா.