கம்ப்யூட்டருக்கும் ஓர் எடைக்கல்!

கந்தர்வக்கோட்டைக் கடையில் ஒரு கிலோ முந்திரிப்பருப்பு வாங்குங்கள். அதைச் சென்னையில் நிறுத்தாலும் ஒரு கிலோதான் இருக்கும்.

முன்பு இப்படி இல்லை. படி அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன.

அந்தப் பழைய தொல்லை இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது!

எழுத்தில் ஒழுங்கு

கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலையை வரிவரியாக எழுதுவதுதான் புரோகிராம். பெரிய கம்பெனியில் நூற்றுக்கணக்கானோர் இதை எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறார். ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால் தவறு கண்ணில் படாது. ஆகவே, "இப்படித்தான் எழுத வேண்டும்" என்று கம்பெனிகள் விதி வகுக்கின்றன.

ஒரு வரி செய்த வினை

இந்த விதிகள் அழகுக்காக மட்டும் அல்ல. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. காரணம் என்ன? ஒரே ஒரு வரி!

"தவறு கண்டால் வெளியேறு" என்பது கட்டளை. அதில் "வெளியேறு" என்ற வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டாவது வரிக்கு நிபந்தனையே இல்லை. அதனால் சோதனை பாதியில் நின்றது. "எல்லாம் சரி" என்று பதிலும் போயிற்று. பாங்கியின் பெயரில் ஒரு போலி குறுக்கிட்டாலும் போனுக்குத் தெரியாது!

நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதைக் கடைப்பிடித்திருந்தால் அந்த வரி தீங்கு செய்திராது. அல்லது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

இயந்திரக் காவல்காரன்

மனிதர் விதியை மறக்கலாம். இயந்திரம் மறக்காது. ஜாவா மொழியில் எழுதும் புரோகிராம்களைச் சரிபார்க்க, 'செக்ஸ்டைல்' என்ற கருவி 2001-ல் உருவாயிற்று. விதி மீறிய வரி இருந்தால், புரோகிராமை உருவாக்கும் வேலையையே அது நிறுத்திவிடும்படி செய்யலாம்.

நகல் கூடாது!

ஒரு கம்பெனியில் ஐம்பது புரோகிராம்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகளை ஐம்பது இடத்தில் நகல் எடுத்து வைப்பது சுலபம். ஆனால், ஒருவர் தம் நகலைத் திருத்துவார், மற்றவருக்குத் தெரியாது. நாளடைவில் ஐம்பது நகலும் ஐம்பது விதமாகிவிடும்!

இதற்கு வழி என்ன? விதிகளை ஒரே கட்டாகக் கட்டி, எண் இட்டு, பொது இடத்தில் வைக்கிறார்கள். ஒவ்வொரு புரோகிராமும் உருவாகும்போது அந்தக் கட்டை வரவழைத்துக்கொள்கிறது.

எண் எதற்கு? விதி மாறிய அன்றே எல்லோர் வேலையும் நின்றுவிடக் கூடாது அல்லவா? கையிலுள்ள வேலையைப் பழைய எண்ணோடு முடித்துவிட்டு, பிறகு புதிய எண்ணுக்கு மாறலாம்.

போன் மூலம் மகனுக்குப் பணம் அனுப்பும் தாய்க்கு இந்த விதிகள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால், அவள் பணம் பத்திரமாகப் போய்ச் சேருவதில் இந்தச் சின்ன ஒழுங்குக்கும் பங்கு உண்டு.