திடல் தரும் பாடம்



பயிற்சிக்கு அனுப்பினால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். ஆனால், ஒற்றுமையை ஏட்டைவிடத் திடலே எளிதாகக் கற்பிக்கிறது.

நம் ரெம்பியாவுக்கு அருகே, அலோர்காஜாவில் 1950ஆம் ஆண்டு பிறந்தவர் காற்பந்து வீரர் சோ சின் ஆன். 1980இல், மாஸ்கோ ஒலிம்பிக் தகுதியாட்டத்தில் அவருடன் கோல் காவலர் ஆறுமுகம், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் ஆகியோர் ஆடினர். பல இனத்தவர் ஒரு குழுவாக நின்று தென்கொரியாவை 2-1 என வென்றனர். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ செல்லவில்லை. ஆயினும், அந்த வெற்றியை நாடு மறக்கவில்லை.

பள்ளிக் குழுவிலும் இதே பாடந்தான். கிராணி மகனும் பால்வெட்டுபவர் மகனும் ஒரே நிறச் சட்டை அணிகிறார்கள். பந்தைத் தள்ளிக் கொடுத்தால்தான் கோல் விழும்.

ஆகவே, பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவோம். போட்டியன்று திடலோரம் நிற்போம். தோற்று வந்தாலும் தட்டிக்கொடுப்போம்.